கால் அவியிற காரும் அம்மாவின் தலையிடியும்

போன வருடம் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. தம்பி தன்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஸ்காபரோவிலிருந்து டவுன்ரவுனுக்குப் போனான். எண்பதுகளின் கடைசியில் செய்த, இரண்டே இரண்டு சீற் உள்ள கார். பள்ளிக்கூடம் போற காலத்தில சுவரில படம் ஒட்டி வைச்சிருந்த கார் அது. வீட்டுக் கடன் கொஞ்சம் இறங்கின பிறகு, தலையில் நரை வந்த வயதில், ஆசைக்கு வாங்கினான்.

டொன் வலி பார்க்வேயில் வழக்கம்போல நெரிசல். வெளியில் 31 பாகை, ஹியூமிடெக்ஸ் 40க்குக் கிட்ட. பத்து நிமிடத்தில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் தூக்கிச் சீற்றில மடக்கி வைச்சிட்டா.

"தம்பி, கால் அவியுதடா. அடுப்படியில நிக்கிற மாதிரிக் கிடக்கு."

"பழைய கார் எண்டா அப்பிடித்தான் அம்மா. யன்னலைத் திறந்து விடுங்கோ."

வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்குத் தலையிடி, வயிற்றுப் பிரட்டல். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தேசிக்காய்த் தண்ணி குடித்துவிட்டு வாசலில் காற்றோட்டமாக இருந்தா. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. இரண்டு கிழமை கழித்து, மப்பும் மந்தாரமுமான ஒரு நாள், அதே காரில் மார்க்கம் போய் வந்தா. திரும்பவும் அதே தலையிடி. வெயிலே இல்லாத நாளில் வெயில் தலையிடி எப்படி வரும்?

அதன் விடையைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. எங்கட ஆக்களில் இப்போது பலர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறார்கள். வாங்கின முதல் கோடையிலேயே "உள்ளுக்குள்ள இருக்க ஏலாது" என்று சொல்கிறார்கள். சொல்லிவிட்டு ஒன்றில் தடித்த கார்பெட் போடுகிறார்கள், இல்லாவிட்டால் ஏசிக்குக் காசு கொட்டுகிறார்கள். அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வெக்கை எந்த வழியால் உள்ளே வருகிறது என்று கண்டுபிடிப்பது.

ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

சாதாரணக் காரில் என்ஜினுக்கும் உங்கள் காலுக்கும் இடையில் தாராளமாக இடம் இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வானது, குறுகலானது. என்ஜினைப் பின்னுக்குத் தள்ளி, ஆட்களின் முழங்காலுக்குக் கிட்டவே வைத்திருப்பார்கள். கியர்பெட்டி இரண்டு சீற்றுக்கும் நடுவே ஓடும். புகைக்குழாய் அதே நடுச் சுரங்கத்துக்குள்ளால் போகும், அல்லது சீற்றுக்கு நேர் கீழே போகும்.

கணக்காகப் பார்த்தால் விளங்கும். என்ஜினைச் சுற்றி ஓடுகிற கூலன்ற் 90 பாகை அளவில் இருக்கும். நாங்கள் பலகாரம் சுடுகிற எண்ணெய் 180 பாகை. புகையைச் சுத்தப்படுத்துகிற கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் வேலை செய்வது 400 முதல் 800 பாகை வரையான வெப்பத்தில். அப்படிப்பட்ட ஒரு சாமானுக்கு மேல், ஒரு தகரமும் ஒரு கார்பெட்டும் மட்டும் நடுவில் இருக்க, நாங்கள் குந்தியிருக்கிறோம்.

பெரிய கம்பனிகளுக்கும் இது தலைவலியாகத்தான் இருந்தது. 1954 முதல் 1957 வரை வந்த மேர்சிடிஸ் 300 எஸ்எல் கூப்பே, கதவு இறக்கை மாதிரி மேலே திறக்கிற கார். இன்றைக்குக் கோடிக்கணக்கில் விலை போகிறது. ஆனால் அதன் யன்னல் கண்ணாடி கீழே இறங்காது. வேண்டுமென்றால் முழுசாகக் கழற்றி வைக்கலாம், அவ்வளவுதான். அதனால் வெயில் காலத்தில் உள்ளே வேகும் என்று பெயர் எடுத்த கார் அது. செவ்ரோலே கொர்வெட்டுக்கு 1975இல் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் வந்தது. அடுத்த வருடமே, 1976இல், அதுவரை ஃபைபர்கிளாஸாக இருந்த அடித்தளத்தில் உருக்குத் தகடுகளைப் போட்டார்கள். கொன்வேர்ட்டரின் வெப்பத்தை மறைப்பது அதன் ஒரு நோக்கம். ரோட்டரி என்ஜின் உள்ள மஸ்டா ஆர்எக்ஸ்-7 ஓடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வகை என்ஜினின் புகை மற்றவற்றைவிடச் சூடானது.

ஆகவே ஓரளவு வெக்கை இந்தக் கார்களின் பிறவிக் குணம். ஆனால் புதுசாக வந்த நாளில் உங்கள் கார் காலை அவித்திருக்காது. அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் என்ன கெட்டுப் போனது என்பதுதான் கேள்வி.

உப்பு செய்த வேலை

அந்த விடையில் பாதி எங்கள் ஊர் ரோட்டிலேயே இருக்கிறது. ரொறன்ரோ மாநகரம் ஒரு குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு சராசரியாக ஒரு லட்சம் தொன்னைத் தாண்டும். நீங்கள் இன்றைக்குக் காரை வின்ரரில் மூடி வைத்துப் பிள்ளை மாதிரிப் பார்க்கலாம். ஆனால் 1989இல் அதை வாங்கின முதல் சொந்தக்காரர் பனிக்குள்ளும் உப்புக்குள்ளும் வேலைக்கு ஓடியிருப்பார்.

உப்பு முதலில் தின்பது மெல்லிய தகரத்தைத்தான். கொன்வேர்ட்டருக்கும் சைலன்சருக்கும் மேலே வெப்பத் தடுப்புத் தகடுகள் இருக்கும். அவற்றின் போல்ற் கறள் பிடித்து உதிரும். தகடு கடகடவென்று ஆடும். "சத்தம் போடுது, கழட்டி விடட்டோ?" என்று மெக்கானிக் கேட்பார். "ஓம் அண்ணை, கழட்டி விடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்திருப்போம். சத்தம் போனது, வெக்கை வந்தது. தகட்டுக்கும் வெக்கைக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

அடுத்தது அடித்தளம். கார்பெட்டுக்குக் கீழே தண்ணி தங்கித் தங்கி, ஊசி முனை அளவு ஓட்டைகள் வரும். பிறகு றப்பர். என்ஜினுக்கும் உள்ளுக்கும் நடுவில் இருக்கிற தகரச் சுவரை ஃபயர்வோல் என்பார்கள். அதில் வயர், கேபிள், குழாய் போகிற ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு றப்பர் வளையம் இருக்கும். முப்பது வருடத்தில் அது காய்ந்து வெடிக்கும். யாரோ ஒருவர் பாட்டுப் பெட்டி பூட்ட வயர் இழுத்த ஓட்டை மூடாமலே கிடக்கும். கியர்த் தடியைச் சுற்றி மேலே அழகான தோல் உறை இருக்கும். வெக்கையையும் சத்தத்தையும் மறிப்பது அதற்குக் கீழே இருக்கிற றப்பர் உறைதான். 1989இல் வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். அந்த றப்பர் கிழிந்தால் கியர்ப் பக்கத்தால் சூடு பொங்கி வரும்.

சூடு வருகிற ஓட்டையால் வேறென்ன வரும்?

அம்மாவின் தலையிடிக்கு விடை இங்கேதான் இருந்தது. தம்பியின் காரை உயர்த்திப் பார்த்த மெக்கானிக் அண்ணை சொன்னார்: "தம்பி, இது வெக்கைப் பிரச்சினை மட்டும் இல்லை. குழாய் பொருந்துற இடத்தில கரி படிஞ்சிருக்கு பாரும். புகை ஒழுகுது. கியருக்குக் கீழ இருக்கிற றப்பரும் கிழிஞ்சு போச்சு."

பெற்றோல் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. நாங்கள் மணக்கிற "புகை நாத்தம்" வேறு வாயுக்களுடையது. அந்த நாத்தம் இல்லாவிட்டாலும் கார்பன் மொனொக்சைட் இருக்கலாம். இரத்தத்தில் ஒக்சிசனைக் காவுகிற ஹீமோகுளோபினோடு அது ஒக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதல் அறிகுறிகள் தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுப் பிரட்டல். வெயிலில் களைத்தவருக்கும் இதே அறிகுறிகள்தான். அதனால்தான் ஏமாந்து போகிறோம். வெளிக் காற்றுக்கு வந்ததும் குணமாகிறது, திரும்பக் காரில் ஏறினால் வருகிறது என்றால், அதை வெயிலின் தலையில் போடாதீர்கள். காரை நிறுத்துங்கள், வைத்தியரிடமும் சொல்லுங்கள். மயக்கம், குழப்பம் என்று ஏதும் இருந்தால் உடனே 911. கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், இருதய வருத்தம் உள்ள பெரியவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

வீடுகளில் இந்த வாயுவுக்காக அலாரம் வைக்கவேண்டும் என்று ஒன்ராறியோவில் 2013இல் ஹோக்கின்ஸ்-கின்யாக் சட்டம் வந்தது. 2008இல் வூட்ஸ்டொக் நகரில் ஒரே குடும்பத்து நாலு பேர் வீட்டுக்குள் இந்த வாயுவால் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டம் அது. காருக்கு அப்படி ஒன்றும் இல்லை. கார்ப் புகையைப் பரிசோதிக்கிற டிரைவ் கிளீன் திட்டமும் 2019 ஏப்ரலோடு பயணிகள் கார்களுக்கு முடிந்துவிட்டது. பாதுகாப்புச் சான்றிதழ் பெரும்பாலும் கார் கை மாறும்போதுதான் தேவைப்படும். அதாவது, ஒருமுறை வாங்கிவிட்டால் உங்கள் காரின் அடிப்பக்கத்தை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வெக்கையை மறைக்கத் தடித்த கார்பெட் மட்டும் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அம்மாவின் கால் அவிந்திருக்காது. புகை மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கும்.

எப்படித் தேடுவது?

முதலில் காரை ஓடும்போது எந்த இடம் சுடுகிறது என்று கவனியுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் சுட்டால் ஃபயர்வோல் அல்லது ஹீற்றர். கியர்ப் பக்கத்துத் தொடை சுட்டால் நடுச் சுரங்கம். சீற்றுக்குக் கீழே சுட்டால் கொன்வேர்ட்டர் அல்லது புகைக்குழாய். தலையும் பிடரியும் சுட்டால் கண்ணாடி வழியாக வருகிற வெயில்.

அடுத்தது ஹீற்றர். பலர் இதை யோசிப்பதே இல்லை. பழைய கார்கள் பலதில் சூடான கூலன்ற் டாஷ்போர்ட்டுக்குள் இருக்கிற ஹீற்றர் கோருக்குப் போவதை ஒரு வால்வு மறிக்கும். அது வின்ரரில் திறந்தபடி இறுகிவிட்டால், கோடை முழுக்க உங்கள் காலடியில் ஹீற்றர் வேலை செய்துகொண்டிருக்கும். உள்ளே காற்றைத் திருப்புகிற சின்னக் கதவுகளில் ஒட்டியிருக்கும் பஞ்சும் பொடிப்பொடியாகிப் போயிருக்கலாம். நீங்கள் "குளிர்" பக்கம் திருப்பி வைத்தாலும் சூடு நழுவி வரும். வால்வு உள்ள காரில், ஹீற்றரை மூடி வைத்து ஓடிவிட்டு வந்து, வால்வைத் தாண்டி உள்ளே போகிற குழாயின் சூட்டை அளந்து பாருங்கள். அதுவும் என்ஜின் அளவுக்குக் கொதித்தால் வால்வு மூடவில்லை. ஒரு வால்வு மாற்றியதோடு பாதி வெக்கை போன கார்கள் இருக்கின்றன.

அளப்பதற்கு, தொடாமல் வெப்பம் பார்க்கிற துப்பாக்கி மாதிரியான கருவி வன்பொருள் கடைகளில் கிடைக்கும். கொரோனா காலத்தில் நெற்றிக்குப் பிடித்த கருவி இதற்குச் சரிவராது. அது உடம்புச் சூட்டுக்கு மட்டும். பளபளக்கிற உலோகத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும் என்பதால், அளக்கிற இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் ரேப் ஒட்டி அதன்மேல் அளவெடுங்கள். புகைக்குழாயில் மட்டும் ஒட்டாதீர்கள், எரிந்துவிடும். அரை மணித்தியாலம் ஓடிவிட்டு, கார்பெட்டைத் தூக்கி, பத்துப் பன்னிரண்டு இடத்தில் அளந்து கொப்பியில் எழுதுங்கள். வேலை முடிந்த பிறகு திரும்ப அளக்க அது உதவும்.

ஓட்டை தேட இருட்டுத்தான் நல்லது. இரவில் கராஜ் லைட்டை அணைத்துவிட்டு, என்ஜின் பக்கம் பலமான ரோர்ச் ஒன்றை வையுங்கள். ஒருவர் உள்ளே டாஷ்போர்ட்டுக்குக் கீழே குனிந்து பார்க்கட்டும். வெளிச்சம் வருகிற இடத்தால் வெக்கையும் வரும். இந்த வேலைக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். என்ஜின் மட்டும் நின்றிருக்கவேண்டும். கராஜுக்குள், கதவு திறந்திருந்தாலும்கூட, காரை ஸ்ராட் பண்ணி வைத்து வேலை செய்யக்கூடாது.

கதவு, பின் டிக்கி றப்பர்களுக்கு ஒரு கடதாசித் துண்டு போதும். துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். லேசாக வழுகி வந்தால் அந்த இடத்து றப்பர் பிடிக்கவில்லை. பின் டிக்கி றப்பர் முக்கியம். ஓடுகிற காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். அங்கே சுழல்கிற புகை இடைவெளியால் உள்ளே இழுபடும்.

புகை ஒழுக்கைப் பார்ப்பது மெக்கானிக் வேலை. காரை உயர்த்திப் பூட்டாமல் ஜக்கில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்காதீர்கள். குழாய் பொருந்தும் இடங்களில் கரித்தடம் இருக்கிறதா, குளிர்ந்த என்ஜினை ஸ்ராட் பண்ணியதும் "டிக் டிக்" என்று சத்தம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கொன்வேர்ட்டர் அடைத்திருந்தாலும் என்ஜினின் தீப்பொறி நேரம் பிந்தியிருந்தாலும் புகைப் பக்கம் அளவுக்கு மீறிச் சூடாகும். அப்படியென்றால் வெக்கை நோயல்ல, நோயின் அறிகுறி.

எந்த ஒழுங்கில் செய்வது?

முதலாவது, புகை ஒழுக்கை அடையுங்கள். இரண்டாவது, கழன்றுபோன வெப்பத் தடுப்புத் தகடுகளைத் திரும்பப் போடுங்கள். அசல் தகடு கிடைக்காவிட்டால் அலுமினியத் தகட்டில் செய்விக்கலாம். தகட்டுக்கும் கார் உடம்புக்கும் இடையில் ஒரு விரல் அளவு காற்று இடைவெளி இருக்கவேண்டும். தடுப்பதில் பாதி வேலையை அந்தக் காற்றுத்தான் செய்கிறது. மூன்றாவது, ஃபயர்வோல் வளையங்கள், கியர் றப்பர், அடித்தள ஓட்டைகள், டிக்கி றப்பர். கறளைச் சுரண்டி, தகரம் ஒட்டி, பெயின்ற் அடித்த பிறகுதான் மேலே எதையும் மூடவேண்டும்.

நாலாவதாகத்தான் உள்ளே போடுகிற விரிப்பு. கடையில் இரண்டு வகை கிடைக்கும். அலுமினியத் தாள் ஒட்டிய கறுப்புப் பியூட்டைல் றப்பர் விரிப்பு அதிர்வையும் சத்தத்தையும் குறைக்கும். அது தனியே வெக்கையை மறிக்காது. வெக்கைக்கு அதன்மேல் தண்ணி உறிஞ்சாத அடைத்த நுரை விரிப்போ, காருக்கென்று செய்த வெப்ப விரிப்போ வேண்டும். பழைய காலத்துச் சணல் விரிப்பு ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். பனிச் சப்பாத்தோடு ஏறுகிற ஊரில் அது அடித்தளத்தைத் தின்றுவிடும். பளபளக்கிற தாள் கதிர் வெப்பத்தைத் திருப்புவதற்கு அதன் ஒரு பக்கமாவது காற்று வெளி இருக்கவேண்டும். இரண்டு பொருளுக்கு நடுவில் நசுங்கிக் கிடக்கிற தாளால் பெரிய பயன் இல்லை.

மலிவு என்று கூரைக்கு ஒட்டுகிற தார் விரிப்பைக் காருக்குள் போடாதீர்கள். சூட்டில் இளகி நாறும். புகைக்குழாயைத் துணிப் பட்டியால் சுற்றுவதும் உப்பு ரோட்டுக்கு ஏற்றதல்ல. பட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துச் சாதாரண உருக்குக் குழாயை வேகமாகக் கறளாக்கும். ஒயில் ஊறினால் தீப்பிடிக்கும். இன்னொன்று: பழைய கார்களின் சில காஸ்கட்டிலும் பிரேக்கிலும் வெப்ப மட்டைகளிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். கனடா அதைத் தடை செய்தது 2018இல்தான். என்னவென்று தெரியாத பழைய மட்டையைச் சுரண்டாதீர்கள், தூசி ஊதாதீர்கள். தெரிந்தவரிடம் விடுங்கள்.

வெயிலும் ஏசியும்

மேலால் வருகிற வெக்கைக்கு வைத்தியம் வேறு. ஸ்போர்ட்ஸ் காரின் சரிந்த பெரிய கண்ணாடி வெயிலை முழுசாக உள்ளே விடும். 2018இல் அரிசோனாவில் ஆராய்ச்சியாளர்கள் கார்களை வெயிலில் விட்டு அளந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் டாஷ்போர்ட் சராசரியாக 69 பாகைக்கும் ஸ்ரியரிங் 53 பாகைக்கும் ஏறியது. ரொறன்ரோ அரிசோனா இல்லைத்தான். ஆனாலும் நிழலில் விடுவதும் முன்கண்ணாடிக்கு மடிப்பு மறைப்பு வைப்பதும் செலவில்லாத நல்ல வேலை. பிள்ளையை நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கண்ணாடிக்குப் படலம் ஒட்டுகிறவர்கள் நிறமில்லாமல் வெப்பத்தை மறிக்கிற வகையைக் கேளுங்கள். வெளியில் நின்று பார்த்தால் உள்ளே ஆள் தெரியாத அளவுக்கு முன் கண்ணாடிகளைக் கறுப்பாக்கினால் பொலிஸ் மறிக்கும்.

ஏசி கடைசி. தொண்ணூறுகளின் தொடக்கம் வரை வந்த கார்களில் ஆர்-12 வாயு இருந்தது. ஓசோனைக் காக்க 1987இல் எங்கள் மொன்றியலிலேயே கைச்சாத்தான ஒப்பந்தத்தின்படி அது கைவிடப்பட்டது. இப்போது ஆர்-134ஏ வாயுவுக்கு மாற்றுவார்கள். சான்றிதழ் உள்ளவர்தான் அதைத் தொடலாம். ஓட்டைகளை மூடாமல் ஏசியை மாற்றுவது, அடியில் அடுப்பை எரியவிட்டுக்கொண்டு மேலே விசிறி போடுகிற மாதிரி.

தம்பியின் காருக்குக் குழாய் இணைப்பு, தடுப்புத் தகடு, கியர் றப்பர், ஹீற்றர் வால்வு என்று நாலு வேலை நடந்தது. கார்பெட்டுக்குக் கீழே விரிப்பு போட்டது கடைசியில். அளந்து எழுதிய கொப்பியில் அம்மாவின் கால் படுகிற இடம் முதலில் 58 பாகை, பிறகு 37. உள்ளே எண் காட்டுகிற சின்னக் கார்பன் மொனொக்சைட் மீற்றர் ஒன்றும் வைத்திருக்கிறான். வீட்டு அலாரம் இதற்குப் போதாது. குறைந்த அளவுகளுக்கு அது மணித்தியாலக் கணக்கில் பொறுத்துத்தான் கத்தும்.

போன மாதம் அம்மா திரும்பவும் அந்தக் காரில் ஏறினா. ஏறும்போதே செருப்பைக் கழற்றக் குனிந்தா. "கழட்ட வேண்டாம் அம்மா, போட்டுக்கொண்டே இருங்கோ" என்றான் தம்பி. ஏஜாக்ஸ் வரை போய் வந்தார்கள். தலையிடி இல்லை. முறைப்பாடு ஒன்றே ஒன்றுதான்: "இதுக்குள்ள ஏறி இறங்க முழங்கால் விடுதில்லையடா."

அதற்கு எந்த விரிப்பும் உதவாது.